இருபத்தொரு பேரின் கட்ச் வளைகுடா

ஜனவரி 6, திங்கள்

கடையில் இந்த ஆண்டுக்கான டைரி நன்றாக இல்லை. எல்லாம் நெருக்கமான கோடு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுகிற நாலு கோடு நோட்டு ஒன்றை வாங்கிவந்தேன். கை தாராளமாக ஓடுகிறது.

ஓய்வு பெற்று எட்டு ஆண்டு கழித்து இன்று மறுபடி வகுப்புக்குப் போனேன். எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஜூன் மாதத்திலிருந்து சமூக அறிவியலுக்கு ஆசிரியர் இல்லை. பத்தாம் வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள். மார்ச் கடைசியில் பொதுத்தேர்வு. தலைமையாசிரியை அனந்தவல்லி வீட்டுக்கே வந்து கேட்டாள். முன்பு என்னோடு வேலை பார்த்தவள். "டீச்சர், நீங்க வந்து நின்னாப் போதும்" என்றாள். நின்றால் போதாது என்று அவளுக்கும் தெரியும்.

வீட்டுக்காரர் இவருக்குச் சம்மதமில்லை. தபால்காரராக முப்பது வருஷம் சைக்கிள் மிதித்த மனுஷர், ஓய்வு என்றால் ஓய்வு என்பார். "சம்பளம் தருவாங்களா, சால்வை போடுவாங்களா?" என்று கேட்டார்.

"ரெண்டும் இல்லேன்னா?"

"அப்ப உன்னைப் பிடிக்க முடியாது, சந்தோஷமாப் போவ."

ஜனவரி 9, வியாழன்

வகுப்பில் ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. மூலைகளில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் யாரும் பிரிக்கவில்லை. பிள்ளைகள் மத்தியானம் அதில் பாட்டுக் கேட்டிருக்கிறார்கள். நூலகத்தில் மூன்று அட்லஸ். மூன்றும் தெலங்கானா பிறப்பதற்கு முன்னால் அச்சடித்தவை. எழுத்தும் ரொம்பப் பொடி. இப்படியா அச்சடிப்பார்கள்?

போர்டு எனக்குப் பிடித்துவிட்டது. இரண்டு விரலை வைத்து அகட்டினால் இந்தியா பெரிதாகிறது. குஜராத் மட்டுமே சுவர் அகலத்துக்கு வருகிறது. நான் வேலை பார்த்த காலத்தில் ஐந்து வகுப்புக்கும் ஒரே துணி வரைபடம். ராஜஸ்தானைக் கரையான் தின்றுவிட்டது. "இங்கே பாலைவனம் இருந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்று ஓட்டையைக் காட்டிப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

இன்று மேற்குக் கடற்கரை. வரைபடம் என்றாலே பிள்ளைகளுக்குப் பயம், அதனால் ஓர் உதாரணம் சொன்னேன். "இந்தியா வாயைத் திறந்து அரபிக்கடல் பக்கமா நாக்கை நீட்டுது. அந்த நாக்குதான் சௌராஷ்டிரம். நாக்குக்கு மேலே இருக்கிற சந்து கட்ச் வளைகுடா. நாக்குக்குக் கீழே இருக்கிற சந்து காம்பே வளைகுடா." இருபத்தாறு பேரும் நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அனந்தவல்லி எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாள்.

வரைபடத் தாள் வாங்கிவரச் சொல்லப் போவதில்லை. பாதிப் பேர் வாங்கமாட்டார்கள், வாங்காதவர்கள் அன்றைக்கு லீவு போடுவார்கள். போர்டிலேயே பழகட்டும். தேர்வுக்கு வரக்கூடிய இடங்களை நானே குறித்து ஒரு பக்கமாகச் சேமித்துவைத்தேன். காலையில் மணி அடிக்குமுன் ஐந்தைந்து பேராக வந்து வெற்று வரைபடத்தில் குறித்து, என் பக்கத்தைத் திறந்து சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கரும்பலகை என்றால் மாலைக்குள் அழிந்துவிடும். இது அப்படியே இருக்கிறது.

ஜனவரி 15, புதன்

பொங்கல் விடுமுறை. அடுப்படியைக் கழுவினேன். சுவரில் கொத்தனார் பதித்த ஓட்டு வரிசை நடுவில் வளைந்து போயிருக்கிறது. இருபது வருஷமாக எப்படிக் கவனிக்காமல் விட்டேன்?

ஜனவரி 21, செவ்வாய்

சண்முகக்கனி என்று ஒரு பெண். முதல் பெஞ்சு. அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலை, அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். பாடம் நடக்கும்போது உதடு அசையும், நான் சொல்வதைத் தனக்குள் திருப்பிச் சொல்வாள்.

இன்று எழுந்து, "டீச்சர், நாக்குக்கு மேலன்னு சொல்லுதீங்க. நீங்க வச்ச புள்ளி கீழல்லா இருக்கு?" என்றாள்.

பின்பெஞ்சிலிருந்து இசக்கிராஜ், "ஏட்டி, டீச்சருக்கே மேப்பு சொல்லிக் குடுக்கியா? முப்பத்தி நாலு வருஷ சர்வீஸ்ட்டி!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்துவிட்டாள்.

போர்டில்தான் கோளாறு. தொட்ட இடத்தில் பதியாமல் தள்ளிப் பதிகிறது. "நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு மண் வகைகளுக்குப் போனேன். நாளைக்கு இந்தியாவின் வேளாண்மை இருக்கிறது. பார்க்க நேரமிருக்காது.

ஜனவரி 24, வெள்ளி

இன்றைக்கும் போர்டு தகராறு. சரிசெய்ய ஆள் அனுப்பச் சொல்லி அனந்தவல்லியிடம் கேட்டேன். "எங்களுக்கு நல்லாத்தானே டீச்சர் வேலை செய்யுது?" என்றாள். கணக்கு வாத்தியார் வட்டம் போடுகிறார், அவருக்கு எங்கே விழுந்தால் என்ன. கடற்கரை அப்படி இல்லை, ஒரு விரற்கடை தள்ளினால் வேறு மாநிலம்.

மாலையில் காபி ஊற்றும்போது இவர், "தம்ளர் இங்கே இருக்கு சௌந்தரி" என்றார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் சிந்தத்தான் செய்யும்.

ஜனவரி 28, செவ்வாய்

விளாத்திகுளத்திலிருந்து ஒரு மெக்கானிக் பஸ் பிடித்து வந்தான். நாலு மூலையிலும் ஏதோ புள்ளி வைத்துத் தொட்டுப் பார்த்தான். "மேடம், டச் கரெக்டா இருக்கு" என்றான்.

"தள்ளிப் பதியுதுப்பா."

"நீங்க தொடுங்க மேடம், பாப்போம்."

தொட்டேன். அவன் அனந்தவல்லியைப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்தாள். கடைசியில், "வேணும்னா எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா ஏத்திவிடுதேன். அதுல இருக்கிறது எல்லாம் போயிரும், பரவால்லையா?" என்று கேட்டான். பரவாயில்லை என்றேன். நான் சேமித்த பக்கங்கள் போயின. அதனால் என்ன, பிள்ளைகளுக்கு அதற்குள் மனப்பாடம்.

தொழில் தெரியாத பையன். டீ கொடுத்து அனுப்பினோம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று சமூக அறிவியல் திருப்புதல் தேர்வு. வரைபடத்தில் எட்டு இடம். கட்ச் வளைகுடா, காண்ட்லா துறைமுகம், சிலிகா ஏரி எல்லாம் கேட்டிருந்தார்கள். எல்லாம் நான் ஒரு மாதமாக அடித்து அடித்துச் சொன்னவை. வெளியே வந்த பிள்ளைகளின் முகத்தைக் கண்டு நிம்மதி. இசக்கிராஜ்கூட, "மேப்பு எட்டுக்கு எட்டு டீச்சர். மத்ததக் கேக்காதீங்க" என்றான்.

இந்த முறை விடைத்தாள்களைப் பக்கத்துப் பள்ளியில் திருத்துகிறார்கள். அவர்களுடையது எங்களிடம் வரும். அந்தக் கட்டை அனந்தவல்லி திருத்துகிறேன் என்று வாங்கிக்கொண்டாள். நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

எழுதவே மனசில்லை. எழுதுகிறேன்.

எங்கள் தாள்களைத் திருத்தியவர் கோமதிநாயகம் என்கிற ஆசிரியர். கறாரான மனுஷர், கெட்டவர் இல்லை. அவர் கல்வி அலுவலருக்குப் புகார் எழுதிவிட்டார். இருபத்தாறு பேரில் இருபத்தொரு பேர் கட்ச் வளைகுடாவைக் காம்பேயில் குறித்திருக்கிறார்கள். காண்ட்லாவும் அங்கேதான். சிலிகா ஏரியைக் கோதாவரியின் முகத்துவாரத்தில் வைத்திருக்கிறார்கள். இருபத்தொருவருக்கும் அதே இடம், அதே தவறு. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதாமல் இது நடக்காது, மேற்பார்வையாளரும் கண்டுகொள்ளவில்லை என்று அவர் வாதம். மீதி ஐந்து பேர் வரைபடத்தைத் தொடவே இல்லை.

அடுத்த புதன்கிழமை அலுவலர் நேரில் வருகிறார். அதற்குள் இருபத்தொரு பேரும் காப்பியடித்தோம் என்று எழுதி, பெற்றோர் கையெழுத்தோடு கொடுத்தால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவாராம். கொடுக்காவிட்டால் புகார் மேலே போகும். பொதுத்தேர்வில் இந்தப் பிள்ளைகளைத் தனி அறையில் உட்காரவைப்பார்கள். ஊர் முழுக்கத் தெரியும்.

அனந்தவல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "யாரு முதல்ல எழுதினது? யாரு காட்டினது?" என்று விசாரித்திருக்கிறாள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. "கல்லு மாதிரி நிக்குதுக டீச்சர்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஏதாவது தோணுதா?" என்று கேட்டாள்.

விசாரித்துப் பார்க்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 13, வியாழன்

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சண்முகக்கனியைத் தனியாக வகுப்புக்கு வரச் சொன்னேன். போர்டில் வெற்று வரைபடத்தைப் போட்டு, "நான் சொல்லிக் கொடுத்த மாதிரி கட்சைக் குறி" என்றேன். குறித்தாள்.

"நாக்குக்கு மேலயா, கீழயா?"

"கீழ, டீச்சர்."

"அங்கே வைக்க யார் சொல்லிக் கொடுத்தா?"

அவள் வாசல் பக்கம் பார்த்தாள்.

"நான்தான் கேக்கேன். சொல்லு."

"அன்னைக்கே கேட்டேன்லா டீச்சர்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "நீங்க வாயால ஒண்ணு சொல்லுவீக. கை ஒண்ணு போடும். நாங்க போர்டுல இருந்ததத்தான் படிச்சோம்."

"இதை ஹெச்.எம். கிட்டே ஏன் சொல்லல?"

"உங்க பேரச் சொன்னா உங்கள அனுப்பிருவாக. ஜூன் மாசத்துல இருந்து எங்களுக்கு யாருமே வரல டீச்சர்."

இருபத்தொரு பேரும் கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். இசக்கிராஜ்தான் எல்லோரிடமும் சத்தியம் வாங்கினானாம். அவள் அப்பாவுக்கு விஷயம் போய்விட்டது. "காப்பியடிச்சுப் பாஸாகப் போறவளுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு? அம்மாகூடத் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போ. எந்தத் தாள்லயும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றிருக்கிறார். இதைச் சொல்லும்போதும் அவள் அழவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். பசிக்கவில்லை என்றாள். என் டப்பாவைத் திறந்து பாதியைக் கொடுத்தேன்.

போர்டில்தான் கோளாறு என்று இங்கே எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

பிப்ரவரி 14, வெள்ளி

தலைவலி. பள்ளிக்குப் போகவில்லை.

பிப்ரவரி 15, சனி

காலண்டர் முன்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். அதைத் திறந்து, இன்னொன்றை மூடிப் பார்த்தேன். தேதியைச் சுற்றியிருக்கிற பஞ்சாங்கம், கடைப் பெயர் எல்லாம் மங்கலாகவாவது தெரிகிறது. நடுவிலே இருக்கிற பெரிய பதினைந்து தெரியவில்லை. அந்த இடத்தில் ஈரத் துணியால் துடைத்தது போல் ஒரு கறை.

துவையல் அரைத்தேன். உப்பு கூடிவிட்டது.

பிப்ரவரி 16, ஞாயிறு

கோயில் ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடினேன். திரும்பிவரும் வழியில் இவரிடம் சொன்னேன்.

என் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். பிறகு, "கிறிஸ்துமஸ்ல இருந்து எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுட்டு ஏன் சும்மா இருந்தீங்க?"

"சொன்னா நீ பள்ளிக்கூடம் போகமாட்ட. வாரத்துக்கு அஞ்சு நாள் சிரிச்ச முகமா வீட்டுக்கு வந்துட்டு இருந்த. அதை நான் எதுக்குக் கெடுக்கணும்?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. எனக்காக இவர் பேசாமலிருந்தார், அனந்தவல்லி பேசாமலிருந்தாள், பிள்ளைகள் பேசாமலிருந்தார்கள். எல்லோரும் சேர்ந்து மூடி வைத்ததன் அடியில் இருபத்தொரு பிள்ளைகள் திருடர்களாக நிற்கிறார்கள். முதலில் மூடியவள் நான். ஜனவரி இருபத்தொன்றாம் தேதி அந்தப் பெண் எழுந்து கேட்டபோதே, "நீ வந்து குறி" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அரை நிமிஷ வெட்கத்தோடு முடிந்திருக்கும்.

பிப்ரவரி 17, திங்கள்

அனந்தவல்லியிடம் சொன்னேன். மேசை மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். "எனக்குச் சந்தேகம் இருந்துச்சு டீச்சர். கேட்க வாய் வரல. கேட்டா நீங்க போயிருவீங்க, அப்புறம் நான் எங்கே போய் ஆள் தேட?"

நான் கொடுக்கும் எழுத்துமூல விளக்கத்தை அலுவலருக்கு அனுப்பச் சம்மதித்தாள். பெரிய பெரிய எழுத்தில் மூன்று பக்கம் வந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

அலுவலர் தொலைபேசியில் பேசினாராம். என் கடிதத்தை நம்பவில்லை. "அந்த அம்மாவை எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்காகப் பழியைத் தன்மேல போட்டுக்கிறாங்க" என்றாராம். ஆதாரம் கேட்கிறார். என் பக்கங்கள் போர்டில் இல்லை. நான்தான் அழிக்கச் சொன்னேன். பிள்ளைகளிடம் வரைபடத் தாள் இல்லை. நான்தான் வாங்க வேண்டாமென்றேன்.

இன்று துணி துவைத்தேன். நாளைக்கு உடுத்தப் பருத்திச் சேலைக்குக் கஞ்சி போட்டேன்.

பிப்ரவரி 19, புதன்

பதினொரு மணிக்கு அலுவலர் வந்தார். நாற்பது வயதிருக்கும். கோமதிநாயகமும் கூட வந்திருந்தார். இருபத்தொரு பிள்ளைகளும் சுவரோரமாக நின்றார்கள். பெற்றோர் ஏழெட்டுப் பேர் வராந்தாவில். சண்முகக்கனியின் அப்பா உள்ளே வராமல், தோளில் துண்டோடு கதவுக்கு வெளியே நின்றார்.

அலுவலர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். "டீச்சர், நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் மேப் பயிற்சிக்கு உங்ககிட்டேதான் வந்தேன். கண்ணை மூடிக்கிட்டுப் போர்டுல இந்தியா போட்டுக் காட்டினீங்க. நீங்க கட்சையும் காம்பேயையும் மாத்திப் போட்டேன்னு சொன்னா நான் எப்படி நம்புறது?"

"அன்னைக்குக் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டேன். இப்போ திறந்துக்கிட்டுப் போட்டதுதான் தப்பாயிருச்சு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

கோமதிநாயகம், "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். உங்க நல்ல பேரை வச்சு இதுகளைக் காப்பாத்தப் பாக்கிறீங்க. இன்னைக்குத் தப்பிச்சா நாளைக்கும் இதையேதான் செய்யும்" என்றார்.

நான் பெயரெடுத்த முப்பத்து நான்கு வருஷமும் அந்தப் பிள்ளைகளுக்கு எதிராக நின்றது. அலுவலரிடம் ஒரு வெற்று வரைபடத் தாள் கேட்டேன். "அந்த எட்டு இடத்தையும் கேளுங்க. நான் குறிக்கேன்."

கேட்டார். வேண்டுமென்றே தவறாகப் போட்டுவிடலாமே என்று ஒரு கணம் தோன்றியது. எங்கே விழுந்தால் பிள்ளைகள் தப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த இடத்தில் வைக்கவும் எனக்குப் பார்வை வேண்டுமே. இன்னொன்றும் உண்டு, அதை எழுதுவது கூச்சமாக இருக்கிறது. அவ்வளவு பேர் முன்னால், தாளும் பேனாவும் கையில் வந்ததும், சரியாகப் போட்டுக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. பிள்ளைகளை மறந்துவிட்டேன். தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, சாய்த்து, ஓரக்கண்ணால் கரையைத் தேடித் தேடி எட்டையும் குறித்தேன். இமயமலைக்கு எவ்வளவு நேரம் எடுத்தேனோ தெரியாது. குறித்து முடித்தபோது எட்டும் சரி என்றே எனக்குப் பட்டது.

அலுவலர் தாளை வாங்கினார். பிள்ளைகளின் தாள் ஒன்றை எடுத்து அதன் மேல் வைத்து, ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். இன்னொன்று. இன்னொன்று. கோமதிநாயகம் எழுந்துபோய் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"ஒரு நூல் பிசகல" என்று கோமதிநாயகம்தான் சொன்னார். குரல் இறங்கியிருந்தது.

எட்டில் மூன்று தவறு. கட்ச், காண்ட்லா, சிலிகா.

அலுவலர் புகாரின் மேல் ஏதோ எழுதிக் கையெழுத்திட்டார். "பிள்ளைங்க மேல தப்பில்லை. கடிதம் எதுவும் வேண்டாம்" என்றார். வெளியே சண்முகக்கனியின் அப்பா துண்டை உதறித் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, மகளைப் பார்த்து, "சாயங்காலம் நேரத்தோட வந்துரு" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தொடர்வதைப் பற்றி அலுவலர் ஒன்றும் சொல்லவில்லை. அதை அனந்தவல்லியின் முடிவுக்கு விட்டார். கண் மருத்துவமனைக்கு உடனே போகச் சொன்னார். சனிக்கிழமை திருநெல்வேலிக்குப் போகிறோம்.

எல்லோரும் போன பிறகு அனந்தவல்லி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் புரிஞ்சுது டீச்சர். கண்ணு மங்குனாலும் இன்னைக்குத் தெரிஞ்சேதான் தப்பாப் போட்டீங்க. யாருக்கு வரும் இந்த மனசு?" வராந்தாவில் நின்ற பெற்றோரும் அப்படித்தான் பேசிக்கொண்டு போனார்களாம். ஊரும் அப்படியே சொல்லும். கேட்க நன்றாக இருந்தது. நான் மறுத்துச் சொல்லவில்லை. களைத்துப் போயிருந்தேன்.

செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சண்முகக்கனி வந்து அதை என் காலருகில் நகர்த்தி வைத்தாள். அவளும் கேட்டாள்.

"டீச்சர், எங்களுக்காக வேணும்னேதான் தப்பாப் போட்டீங்களா?"

ஆமாம் என்றால் போதும். அவள் காலத்துக்கும் என்னை அப்படியே நினைத்திருப்பாள். ஆனால் நாளைக்கு என் கை மறுபடி ஓர் இடத்தைக் காட்டும். அவள் அதை நம்புவாள். தேர்வுக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது.

"இல்ல புள்ள. சரியாப் போடணும்னுதான் போட்டேன்."

அவள் என் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு, "அப்ப நாளைக்கு வகுப்பு?" என்றாள்.

"ஹெச்.எம். விட்டா உண்டு. போர்டுகிட்ட நான் வரமாட்டேன். நீதான் நிப்ப. நான் சொல்லச் சொல்ல நீ வை. நான் சொல்லுதது புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கான்னு இசக்கிராஜ் பாக்கட்டும். இல்லேன்னா எந்திரிச்சுக் கேக்கணும், யாரும் சிரிக்கக் கூடாது."

"உங்களுக்கு இடமெல்லாம் ஞாபகம் இருக்குல்லா டீச்சர்?"

"கட்ச் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். அதைப் பாக்கத்தான் முடியல" என்றேன்.

இந்த வாக்கியத்தை அவளிடம்தான் முதலில் சொன்னேன். இங்கே இப்போதுதான் எழுதுகிறேன்.